பானெட்டுல மேகம் ஓடுது பாருங்க!

வண்டி கழுவறதுல இத்தனை சந்தோஷம் இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலீங்க. சொல்லியிருந்தா எப்பவோ ஒரு காரு வாங்கியிருப்பேன்! பெருந்துறையில பொறந்து வளந்தவன் நான். காருன்னா ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் போயிட்டு வர்றதுக்கு, அழுக்கானா வாட்டர் சர்வீஸுக்கு விட்டா ஆச்சு, அவ்வளவுதான்னு இருந்தேன். இப்ப? செகண்ட் ஹேண்ட்ல ஒரு கருநீல ஸ்விஃப்ட் வாசலுக்கு வந்ததுல இருந்து ஞாயித்துக்கெழமை கோழி கூவறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துருது. அலாரம் வேண்டாம், காப்பி வேண்டாம், அந்த பானெட்டு நெனப்பே போதும், எந்திரிச்சு ஓடறேன். "ஏனுங் மாமா, கல்யாணத்தன்னைக்குக் கூட இத்தனை வெள்ளென எந்திரிச்சிருக்க மாட்டீங்களாட்ட இருக்குது"ன்னு வீட்டுல சொல்றாங்க. சொல்லட்டும். எனக்குப் புடிச்சுப்போச்சு, சொக்கிப் போய்ட்டேன், யாரு கேட்டாலும் கேக்காட்டியும் இதைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்கறேன்.

டீடெய்லிங்னா என்னமோ கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல கண்ணாடிக் கடைக்குள்ள ஆடி, பென்ஸுக்குப் பண்ற வேலைன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு பக்கெட்டு, கொஞ்சம் நெழல், நாலு நல்ல துணி இருந்தா இன்னைக்கே ஆரம்பிச்சரலாம். அழுக்கை அடிச்சு விடறது வாட்டர் சர்வீஸ். பெயின்ட்டுல ஒரு கீறல் கூட விழாம, அது மேல ஒட்டிக் கெடக்கற ஒவ்வொண்ணையும் பதமா எடுத்து, கம்பெனியை விட்டு வந்த அன்னைக்கு இருந்த மினுமினுப்பைத் திருப்பிக் கொண்டாறது டீடெய்லிங். அந்தப் பெயின்ட் எத்தனை கனம்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் அசந்தே போய்ட்டேனுங்க. தகரத்து மேல துருப்பிடிக்காம ஒரு பூச்சு, அது மேல பிரைமர், அது மேல நிறம், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனையும் சேத்தி சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும்னா 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணோட கனமே சுமாரா 70 மைக்ரானுங்க! முடியை விட மெலிசான அந்த ஒரு தோலுக்குள்ளதான் வண்டியோட மொத்த அழகும் ஒக்காந்திருக்குது. அதைக் காப்பாத்தறதுதான் இந்த வேலை பூராவும்.

ஒரு வேலை பண்ணுங்க. ராத்திரி வாசல் லைட்டை அணைச்சுப்போட்டு செல்போன் டார்ச்சைப் பானெட்டு மேல அடிங்க. வெளிச்சத்தைச் சுத்தி வட்ட வட்டமா மெல்லிசுக் கோடு தெரியுதுங்களா? அது பெரும்பாலும் ரோட்டுல விழுந்தது இல்லீங்க, கழுவும்போதும் தொடைக்கும்போதும் விழுந்தது! மணலுக்குள்ள இருக்கற குவார்ட்ஸு கிளியர் கோட்டை விட ரொம்பக் கெட்டி. நம்ம பக்கத்துத் தூசியைக் கேக்கோணுமா? ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள பூந்து வர்ற காத்து, பல்லடத்துலயும் உடுமலையிலயும் காத்தாடியெல்லாம் சுத்த விட்டுப்போட்டு, காட்டுச் செம்மண்ணையும் அள்ளிக்கிட்டு வந்து வண்டி மேல படிய வெச்சுட்டுப் போகுது. அந்தத் தூசி மேல காஞ்ச துணியை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா, முடிஞ்சுது சோலி. வேலைக்குக் கெளம்பற அவசரத்துல துணியை எடுத்துப் பரபரன்னு பானெட்டைத் தொடைக்கறவங்களைப் பாத்தா எனக்கு நெஞ்சே பதறுதுங்க. ஓடிப்போய்க் கையைப் புடிச்சு, "அண்ணா, சித்த நில்லுங்க, தண்ணி ஊத்திட்டுத் தொடுங்க"ன்னு சொல்லத் தோணுது. ரெண்டு பேர்கிட்டச் சொல்லியும் இருக்கறேன்.

அடுத்தது தண்ணி. பெருந்துறைப் பக்கத்துப் போர்த் தண்ணி எப்படின்னு தெரிஞ்சுக்கப் பொடக்காலி பக்கெட்டைப் பாத்தாப் போதும், உள்சுத்தும் வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும். கால்சியமும் மக்னீசியமும் அத்தனை. வெயில்ல கழுவுனா தண்ணி ஆவியாப் போயிருது, உப்பு மட்டும் பெயின்ட்டுல வட்டம் வட்டமாத் தங்கிக்குது. சிறுவாணித் தண்ணி வர்ற கோயமுத்தூர்க்காரங்க குடுத்து வெச்சவங்க! நமக்கு மழைத் தண்ணி இருக்குதுங்க. மாடியில விழறதைப் புடிச்சு வெச்சு, போர்த் தண்ணியில கழுவி முடிச்சதும் கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊத்திப் பாருங்க, ஒரு புள்ளி விழாது. முன்னமே விழுந்த புது உப்புப் புள்ளிக்கு வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு ஒத்தி, உடனே நல்ல தண்ணி விட்டு அலசிருங்க. கீழ்பவானி வாய்க்கால்ல வண்டியை எறக்கிக் கழுவறது மட்டும் வேண்டவே வேண்டாமுங்க. அது பவானிசாகர்ல இருந்து வயலுக்குப் போற தண்ணி, ஆடு மாடு வாய் வெக்கற தண்ணி.

இப்ப இதை நெனச்சுப் பாருங்க. காலையில ஆறு மணி, வெயில் இன்னும் காம்பவுண்டு சுவத்தைத் தாண்டலை, தெக்கால சென்னிமலை மங்கலாத் தெரியுது, பானெட்டைத் தொட்டா சில்லுன்னு இருக்குது. மொதல்ல வெறும் தண்ணி. கை படக்கூடாது, துணி படக்கூடாது, தண்ணி மட்டும்தான் மண்ணை எறக்கோணும். அப்புறம் நொரை! பிரஷர் வாஷர்ல நொரைக் குப்பியை மாட்டி அடிச்சீங்கன்னா வண்டி முழுக்க வெள்ளையாப் போத்திக்குது, அது மொள்ள மொள்ளக் கீழ எறங்கும்போது கூடவே செம்மண்ணு கோடு கோடா வழியறதைப் பாக்கோணுமே, அதைப் பாத்துக்கிட்டே நிக்கலாமுங்க! நொரை காயறதுக்குள்ள அலசிப்போட்டு ரெண்டு பக்கெட்டை எடுக்கறது. ஒண்ணுல ஷாம்பு, வண்டிக்குன்னே விக்கற ஷாம்பு. பாத்திரச் சோப்பு மேல இருக்கற மெழுகைக் கழட்டிரும். இன்னொண்ணுல வெறும் தண்ணி. அடியில ஒரு பிளாஸ்டிக் வலைத் தட்டு, விழுந்த மண்ணு மேல வராம இருக்க. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புல முக்கி ஒரு பகுதி தேய்க்கறது, வெறும் தண்ணியில அலசறது, மறுபடியும் ஷாம்பு. ரூஃப்ல ஆரம்பிச்சுக் கீழ வரோணும், கதவுக்கு அடியில கடைசி. வட்டமாத் தேய்க்கக்கூடாது, நேர்க்கோடுதான். வீலுக்குத் தனி பக்கெட்டு, தனி பிரஷ். அங்க படியறது பிரேக்குல இருந்து வர்ற இரும்புத் தூள், அந்தத் துணி பெயின்ட் பக்கமே வரப்படாது. எங்க அப்பாரு காங்கேயம் காளையைக் குளிப்பாட்டும்போது வைக்கோலைச் சுருட்டிக்கிட்டு திமில் மடிப்பு, கொம்படி, தாடைக்கு அடியில எல்லாம் ஒரு எடம் விடாமத் தேச்சு விடுவாரு, மாடும் கண்ணைச் சொருகிக்கிட்டு நிக்கும். கதவுக் கைப்பிடிக் குழிக்குள்ள விரலை விட்டுத் தேய்க்கறப்ப எனக்கு அவரு நெனப்புதான் வருது.

தொடைக்கற துணியைப் பத்தி நம்மூர்க்காரங்களுக்குச் சொல்லித்தர ரொம்ப ஈஸிங்க. வேற ஊருல ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்குன்னு பாடம் நடத்தோணும். நம்ம பக்கம் பனியன் கம்பெனிக்குள்ள கால் வெச்ச அத்தனை பேருக்கும் அத்துபடி. ஆனா ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் போற திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்குது பாருங்க, அது கையில கிரீஸ் தொடைக்க அருமை, பெயின்ட்டுக்கு ஆகாது. அதுல தையலும் இருக்கும், மண்ணும் இருக்கும். மைக்ரோஃபைபர் வேணும். பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த நூலைப் பொளந்து பொளந்து நெய்யறது, 80க்கு 20, இல்லாட்டி 70க்கு 30. மண்ணைத் தனக்குள்ள இழுத்துக்கும், பெயின்ட்டுல தேக்காது. பெரிய துணியா வாங்கி பானெட்டு மேல அப்படியே விரிச்சுப் போட்டு ரெண்டு மூலையையும் புடிச்சு மொள்ள உங்க பக்கம் இழுங்க. ஒரே இழுப்பு! பின்னால ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! அந்த இழுப்பு இருக்குது பாருங்க, அதுக்கே நான் இந்த வேலைக்கு அடிமை. துணியைத் தொவைக்கும்போது கம்ஃபர்ட் ஊத்தாதீங்க, நூலை அடைச்சுக்கும்.

இத்தனையும் பண்ணிட்டு "ஆஹா, சுத்தமாயிருச்சு"ன்னு நெனச்சீங்களா? இட்லி மாவு வாங்குன கவர் ஒண்ணைக் கழுவிக் காய வெச்சு, அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டு பானெட்டைத் தடவிப் பாருங்க. நறநறங்குது! வெறுங்கையில தெரியாத சொரசொரப்பு, அந்தக் கவருக்குள்ள இருந்து தடவுனா ஒவ்வொண்ணும் விரல் நுனியில முட்டுது. நெடுஞ்சாலைத் தாரு, பிரேக்குத் தூள், பூச்சி, மரத்துப் பிசினு, எல்லாம் பெயின்ட்டுக்குள்ள பல்லைப் பதிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ரொம்ப நாளு நிறுத்துன வண்டின்னா தண்டவாளத்து இரும்புத் தூளும் சேந்துக்கும். அதுக்கு ஒரு மருந்து இருக்குது, அயர்ன் ரிமூவர். அடிச்சதும் ஒண்ணும் ஆகாது. சித்த நேரம் போகட்டும். வெள்ளை வண்டியா இருந்தா பாக்கக் கண்ணு ரெண்டு பத்தாதுங்க, இரும்பு இருக்கற எடமெல்லாம் ஊதா ஊதாவா அழ ஆரம்பிக்கும்! கதவு பூராவும் ஊதாக் கண்ணீரு வழியும். அழுகின முட்டை நாத்தம் வரும், அது கெடக்கட்டும், அந்த ஊதாவுக்கு முன்னாடி நாத்தமெல்லாம் ஒரு விஷயமா?

அப்புறம் களிமண்ணு. நெசமாவே களிமண்ணு மாதிரி ஒரு கட்டி, கிளே பார்னு விக்கறாங்க. கையில பெசஞ்சு தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணி தாராளமாத் தெளிச்சு, அமுத்தாம மேலோட்டமா ஓட்டோணும். மொதல்ல சர் சர்ருன்னு சத்தம் கேக்கும், கையில புடிச்சு இழுக்கும். நாலு ஓட்டுக்கு அப்புறம் சத்தம் நின்னுரும். கை வழுக்கிக்கிட்டு ஓடுது! கட்டியைத் திருப்பிப் பாத்தா அத்தனை கருப்பும் அதுல ஏறியிருக்கும். மடிச்சுப் பெசஞ்சு புதுப் பக்கத்தை எடுத்துக்கோணும். கீழ விழுந்துட்டா மட்டும் தயவு பாக்காம வீசிருங்க, மண்ணு ஒட்டுன களி கிளியர் கோட்டை உழுதுரும். முடிச்சுட்டு மறுபடி அந்த இட்லி மாவுக் கவருக்குள்ள கையை விட்டுத் தடவுங்க. அட சாமி! அந்த வழவழப்பை எழுத்துல சொல்ல முடியாதுங்க. நான் வாசல்ல போற வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு, "சித்த தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க"ன்னு பானெட்டு மேல கையை வெக்க விட்டேன். பால்காரரு வெச்சாரு, எதுத்த வீட்டு ஆத்தா வெச்சாங்க. ஆத்தா கையை எடுக்கவே இல்ல.

இனிமேத்தான் பாலிஷு, மூச்சைப் புடிச்சுக்கங்க. 1901ல அமெரிக்காவுல மேசை நாற்காலி பாலிஷு காச்சறதுல ஆரம்பிச்ச மெக்வயர்ஸு கம்பெனி இன்னைக்கு வண்டி பாலிஷுக்கு உலகம் பூராப் பேரு வாங்கியிருக்குது. தத்துவம் அதேதான்: நைசான பொடியால மேல்தோலை ஒண்ணு ரெண்டு மைக்ரான் சமப்படுத்தறது, கீறலோட ஓரம் மழுங்குனா வெளிச்சம் செதறாம நேராத் திரும்பும். ஒரே அச்சுல சுத்தற ரோட்டரி மிஷினைப் புதுசா ஆரம்பிக்கறவங்க தொட வேண்டாம், சூடேறி ஓரத்துல பெயின்ட்டையே எடுத்துரும். டூயல் ஆக்‌ஷன்னு ஒண்ணு, சுத்திக்கிட்டே ஆடவும் ஆடும், அது நம்மளை மன்னிக்கற மிஷினு. இப்ப நெனச்சுப் பாருங்க, பானெட்டுக்கு நட்ட நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு மாஸ்கிங் டேப்பு ஒட்டறீங்க, வலது பக்கத்தைத் தொடறதில்ல, இடது பக்கத்துல பச்சைப்பயிறு அளவு பாலிஷு நாலு பொட்டு வெச்சு, மிஷினைப் பெயின்ட் மேல தட்டையா வெச்சு அப்புறம் ஆன் பண்ணி, ரெண்டு அடிக்கு ரெண்டு அடி எடத்துல மேலயும் கீழயும் குறுக்கயும் நெடுக்கயும் அவசரமே இல்லாம ஓட்டறீங்க, கையெல்லாம் அதிருது, பாலிஷு வெள்ளையா இருந்தது மெல்ல மெல்லக் கண்ணாடி ஆகுது, மிஷினை நிறுத்தித் துணியால ஒத்தி எடுத்துப்போட்டு, டேப்போட ஒரு மூலையை நகத்தால நெம்பி சர்ருன்னு உரிக்கறீங்க, உரிச்சா, அய்யோ, இந்தப் பக்கம் சாம்பல் பூத்த ஒரு பழைய நீலம், அந்தப் பக்கம் ஆழங்காண முடியாத கருநீலம், அதுக்குள்ள எங்க வீட்டுத் தென்னமரம் ஓலை ஓலையாத் தெரியுது, ஓலைக்கு நடுவால வானம் தெரியுது, வானத்துல ஒரு வெள்ளை மேகம் நகருது, பானெட்டுக்குள்ள மேகம் நகருதுங்க! நான் கத்தியே போட்டேன். "ஏனுங், என்னாச்சுங்"ன்னு வீட்டுல இருந்து எல்லாரும் ஓடியாந்தாங்க, பையன் டேப்பு இருந்த கோட்டு மேல விரலை வெச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துக்கிட்டே நின்னான், அம்மா மட்டும், "நேத்து வரைக்கும் இதே வண்டிதானா கண்ணு?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு எனக்கு எட்டு வயசு.

அந்தப் பைத்தியத்துல அடுத்த வாரமே கோயமுத்தூர் ஜீடீ கார் மியூசியத்துக்குப் போனேன். 2015ல அவினாசி ரோட்டுல தொறந்தது. எல்லாரும் இன்ஜினையும் கம்பெனிப் பேரையும் பாக்கறாங்க. நான் குனிஞ்சு குனிஞ்சு மட்கார்டு வளைவுல லைட்டு எப்படி விழுதுன்னே பாத்துக்கிட்டுப் போனேன். அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் கிளியர் கோட்டே கெடையாது, நிறம்தான் மேல்தோலு. நம்ம பழைய அம்பாசடர்ல பாலிஷு போட்டா துணியிலயே பெயின்ட்டு நெறம் ஏறுமே, அதனாலதான்.

பாலிஷு போட்ட தோலு வெறும் தோலு, அது மேல ஒரு காப்பு வேணும். அதுக்குத்தான் மெழுகு. கார்னாபா மெழுகு எங்க இருந்து வருது தெரியுங்களா? பிரேசில் நாட்டு வடகிழக்குல, காஞ்ச பூமியில வளர்ற ஒரு பனை. நம்ம காட்டுப் பனையோட தாயாதி! வெயில்ல தண்ணி ஆவியாப் போகாம இருக்க ஓலை மேல தானே மெழுகு பூசிக்குது அந்த மரம். அந்த ஓலையைக் காய வெச்சுத் தட்டி எடுக்கற மெழுகு, 80 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும். ரொம்ப மெல்லிசாப் பூசி, மங்கலாக் காஞ்சதும் சுத்தத் துணியால தொடைச்சு எடுக்கறது. அப்புறம் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கோணும். எனக்கு அந்த மழை சாயங்காலமா வந்துதுங்க. மண் வாசம் வந்ததுமே குடையை எடுத்துக்கிட்டு வெளிய ஓடுனேன், குடையை விரிக்க மறந்தே போச்சு, மொதல் சொட்டு பானெட்டுல விழுந்து தெறிச்சு உருண்டையாகி நின்னுது, அடுத்தது, அதுக்கடுத்தது, ஆயிரம் உருண்டை, பெருசு சின்னது, ஒண்ணோட ஒண்ணு சேந்து கனமாகி சர்ருன்னு ஓடி விழுது, விழுந்த எடம் ஈரமே இல்லாம இருக்குது, அதுல மறுபடி ஒரு உருண்டை! தொப்பலா நனைஞ்சுக்கிட்டு, செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு, தனியா சிரிச்சுக்கிட்டு நின்னேன். அந்த வீடியோவைப் பாக்காத ஒறம்பரை எங்க வகையறாவுல இல்ல.

ஆயுத பூஜையைச் சொல்ல மறக்கக்கூடாது. சந்தனம் குங்குமம் வைங்க, எலுமிச்சம்பழம் நசுக்குங்க, வண்டிக்குப் பூஜை இல்லாம நமக்கு என்ன சந்தோஷம்? ஆனா காஞ்ச சந்தனத்தை நகத்தால சொரண்டாதீங்க, ஈரத்துணியை மேல போட்டு ஊற விட்டு எடுங்க. காக்கா எச்சத்துக்கும் அதே வைத்தியம். அதுல யூரிக் ஆசிட் இருக்குது, வெயில்ல ஒரு பொழுது விட்டா தழும்பு விழுந்துரும், பாத்த கையோட எடுத்துருங்க.

உள்ள? வேக்குவம் போட்டு மண்ணை இழுங்க, ஏசி ஜன்னல் சட்டத்துக்குள்ள சுண்ணாம்பு படாத புது பெயின்ட் பிரஷ்ஷை விட்டுத் தட்டுங்க, ஸ்டியரிங்கை ஈரத்துணியால அழுத்தித் தொடைங்க. டேஷ்போர்டுல எண்ணெய் மினுக்கம் தர்ற ஸ்பிரே வேண்டாம், கண்ணாடியில எதிரொளிச்சுக் கண்ணு கூசும். புது வண்டி வாங்குனவங்க சீட்டு மேல இருக்கற பாலிதீன் கவரை மட்டும் தயவுபண்ணி உரிச்சு எறிங்க. அடியில வேர்வை தங்கி நாறுது, காசு குடுத்து வாங்குன துணியைத் தொட்டே பாக்காம எதுக்குங்க கெடக்கோணும்?

செராமிக் கோட்டிங் போடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நல்ல சாமான்தான், சிலிக்கா கெட்டியாப் புடிச்சுக்கும், மெழுகை விட ரொம்ப நாள் நிக்கும். ஆனா தப்பாக் கழுவுனா அதுலயும் கீறல் விழும். கீறலை எடுக்காம மேல பூசுனா கீறலையும் சேத்தி மூடி வெச்ச மாதிரி ஆயிரும். மொதல்ல கழுவக் கத்துக்கங்க, அப்புறம் யோசிங்க. முதுகு கொஞ்சம் புடிச்சுக்கும், அரைநாள் போயிரும். அந்த அரைநாளை எனக்கு வேற எங்கயும் செலவு பண்ண மனசு வரலீங்க.

மிஷினு இப்ப வேண்டாம், கோட்டிங் இப்ப வேண்டாம். ரெண்டு பக்கெட்டு, ஒரு வலைத் தட்டு, வண்டி ஷாம்பு ஒண்ணு, மைக்ரோஃபைபர் கையுறை ஒண்ணு, பெரிய துணி ஒண்ணு, சின்னத் துணி நாலு. இதை மட்டும் சனிக்கெழமை சாயங்காலமே வாங்கி வெச்சுக்கங்க. ஞாயித்துக்கெழமை வெயில் ஏறறதுக்கு முன்னாடி வண்டியை நெழலுக்குக் கொண்டாந்து நிறுத்துங்க. ஆசைப்பட்டு பானெட்டுல கையை வெச்சராதீங்க. ரூஃப்ல இருந்து ஆரம்பிங்க.